'அரிதான நோய்க்கு எதற்கு ஆராய்ச்சி?'

குழந்தைகளுக்கு வரும் அரிய புற்றுநோய்களை ஆராய வேண்டும் என்று பேச்செடுத்தாலே ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது. இந்த நாட்டில் ரத்தசோகை தீரவில்லை, காசநோய் தீரவில்லை. வாய்ப்புற்றும் மார்பகப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோகின்றன. இதற்கிடையில் பதினைந்தாயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வரும் கட்டிக்காகப் பணமும் ஆளும் ஒதுக்குவது வசதி படைத்த நாடுகளின் வேலை, நமக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். வெளிநாட்டில் எப்படியும் கண்டுபிடிப்பார்கள், வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். ஏழைப் பிள்ளைக்கு வேண்டியது சிகிச்சைதானே, ஆராய்ச்சி எதற்கு என்றும் கேட்பார்கள்.

இப்படிச் சொல்பவர்கள் இரக்கமற்றவர்கள் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாழ்நாளைக் கழித்தவர்கள் சொல்கிறார்கள். நிதிநிலை அறிக்கையை வரிவரியாகப் படிப்பவர்கள் சொல்கிறார்கள். புற்றுநோய் மருத்துவர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். அதனாலேயே யாரும் எதிர்க்கேள்வி கேட்காமல் இந்தக் கருத்து நிலைத்துவிட்டது. இது கணக்கிலும் தவறு, வரலாற்றிலும் தவறு, நம் பிள்ளைகளின் உயிருக்கும் ஆபத்தானது என்பது என் கட்சி.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். விழித்திரைப் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் ரெட்டினோபிளாஸ்டோமா என்பார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. கண்ணின் பாப்பா வெள்ளையாக மின்னுவதை வைத்துத் தாய்மார்கள்தான் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பார்கள். 16,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் இது வருகிறது. டென்மார்க்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 பிள்ளைகள் பிறக்கிறார்கள்; அவர்களில் மூன்று நான்கு பேருக்கு வரலாம். அந்த நாட்டு மருத்துவர் இதை அரிய நோய் என்றால் பொருந்தும். தமிழ்நாட்டில் மட்டும் ஆண்டுக்கு எட்டு ஒன்பது லட்சம் பிள்ளைகள் பிறக்கிறார்கள். ஐம்பது வீடுகளில் இந்த நோய் நுழைகிறது. இந்தியா முழுவதும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 1,500 பிள்ளைகள். உலகில் இந்த நோய் வருகிறவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் நம் பிள்ளைகள்தான். ஒரு நோயைப் புரிந்துகொள்ளப் போதுமான நோயாளிகள் இல்லை என்பது டென்மார்க்கின் சிக்கல். நமக்கு அந்தச் சிக்கல் இல்லவே இல்லை. உலகத்துக்கே விடை சொல்லக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு, நமக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்கள் ஒன்றொன்றும் தனித்தனியாக அரியவைதான். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 15 பேருக்குக் குறைவாக வருவதை அரிய புற்றுநோய் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வரையறுக்கிறது. அந்த அளவுகோலின்படி குழந்தைப் புற்றுநோய் எதுவுமே அரிது என்ற பட்டியலுக்கு வெளியே நிற்காது. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி, நரம்புத் திசுவில் வரும் நியூரோபிளாஸ்டோமா, எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமா, கல்லீரலில் வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்று ஒவ்வொன்றாக எடுத்து 'இது சிறிது' என்று தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் தள்ளப்படுவது குழந்தைப் புற்றுநோய் முழுவதும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், 19 வயது வரையிலானவர்களில் உலகில் ஆண்டுக்கு 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியான நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூடப் பிழைப்பதில்லை.

அரிதான நோயை ஆராய்வது பெரும்பான்மையோருக்குப் பயன்படாது என்ற வாதத்தை வரலாறு முழுமையாகவே பொய்யாக்கியிருக்கிறது. நம் தெருவிலேயே மூட்டுவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை விழுங்குகிறவர் யாராவது இருப்பார். அந்த மருந்தின் உடன்பிறப்பு அமினோப்டெரின். 1947இன் இறுதியில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப்புற்று கண்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அன்று அந்த நோய் வந்தால் சில வாரங்களில் மரணம். சாகிற பிள்ளைகளை நிம்மதியாகச் சாக விடாமல் ஏன் வதைக்கிறீர்கள் என்ற எதிர்ப்பு அவருக்கு உடன் பணியாற்றியவர்களிடமிருந்தே வந்தது. 1948 ஜூனில் அவர் முடிவுகளை வெளியிட்டார்: 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் வேதிப்பொருளால் பிள்ளைகளின் ரத்தப்புற்றைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பத்துப் பிள்ளைகள்தான் முதல் சான்று. இன்றைய கீமோ சிகிச்சையின் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்தது.

அந்த மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் கற்பித்துவிட்டு 1920களில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். ஆராய்ச்சி என்பது வெள்ளைக்காரர்களுக்கு வாய்த்த வேலை, நாம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்று சென்னையில் யாராவது பேசினால், எனக்குச் சுப்பாராவின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

விழித்திரைப் புற்றுக்கே திரும்புகிறேன். 1971இல் ஹூஸ்டன் நகரில் ஆல்ஃபிரட் நட்ஸன் என்ற மருத்துவர் 48 பிள்ளைகளின் நோய்க் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை. காகிதமும் கணக்கும் மட்டும். இரு கண்ணிலும் கட்டி வந்த பிள்ளைகளுக்கு நோய் சீக்கிரமே வந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குத் தாமதமாக வந்திருந்தது. இந்த இடைவெளியிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். செல்லில் ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் கெட வேண்டும். ஒரு படி கெட்டுப்போன நிலையிலேயே பிறக்கும் பிள்ளைக்கு இன்னும் ஒரே ஓர் அடி போதும். மற்றப் பிள்ளைக்கு இரண்டும் பின்னால் விழ வேண்டும், அதற்கு நாளாகும். புற்றைத் தூண்டும் மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்த உலகத்துக்குப் புற்றைத் தடுத்து நிறுத்தும் மரபணுக்களும் இருக்கின்றன என்பதை இந்த 48 பிள்ளைகள் காட்டிக்கொடுத்தார்கள். அந்த மரபணு 1986இல் பிடிபட்டது. ஆர்பி1 என்று பெயர் பெற்றது. செல் பிரிவதற்கு அது ஒரு தடை என்பது பிறகு தெரியவந்தது. அந்தத் தடை தளராமல் பார்த்துக்கொள்ளும் பல்போசிக்ளிப் என்ற மருந்து 2015இல் முற்றிய மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது. இந்தியாவில் 2023இல் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி, விலை இறங்கியபின் இங்கும் ஏராளமான பெண்கள் அதைச் சாப்பிடுகிறார்கள். மார்பகப் புற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள், குழந்தைகளின் கண் கட்டிக்கு வேண்டாம் என்று 1971இல் யாராவது அதிகாரத்தோடு சொல்லியிருந்தால், நஷ்டப்பட்டிருப்பது மார்பகப் புற்று வந்த பெண்கள்.

கருப்பைவாய்ப் புற்றுக்குத் தடுப்பூசி இருக்கிறதே, அதற்குச் செலவழியுங்கள் என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். தாராளமாகச் செலவழிக்க வேண்டும். ஆனால் அந்தத் தடுப்பூசியின் பூர்வீகம் எங்கே என்று பார்க்க வேண்டும். 1957இல் உகாண்டாவின் கம்பாலா நகரில் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர் தாடை வீங்கிய பிள்ளைகளைப் பார்த்தார். ஐரோப்பிய மருத்துவப் புத்தகங்களில் இல்லாத கட்டி அது. 1961இல் இரண்டு சக மருத்துவர்களோடு ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் ஏறி, ஆப்பிரிக்காவில் பத்தாயிரம் மைல் அலைந்து, எந்த ஊரில் அந்தக் கட்டி வருகிறது, எந்த ஊரில் வருவதில்லை என்று விசாரித்து வரைபடம் போட்டார். அதே ஆண்டு லண்டனில் அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டனி எப்ஸ்டைன் கட்டியின் துண்டுகளைக் கேட்டு வாங்கினார். 1964இல் எப்ஸ்டைனும் அவரோடு பணியாற்றிய அச்சோங்கும் பாரும் அதற்குள் ஒரு வைரஸைக் கண்டார்கள். மனிதருக்குப் புற்று உண்டாக்கும் வைரஸ் என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான். அந்த வைரஸின் டி.என்.ஏ. பர்க்கிட் கட்டிக்குள் உட்கார்ந்திருப்பதை 1970இல் காட்டியவர்களில் ஒருவர் ஹரால்ட் சுர் ஹவுசன். அந்த அனுபவத்தோடு அவர் கருப்பைவாய்ப் புற்றின் பக்கம் திரும்பினார். 1983இலும் 1984இலும் பாப்பிலோமா வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகளைப் பிடித்தார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். இன்று பள்ளிப் பெண்களுக்குப் போடும் தடுப்பூசி அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. ஆப்பிரிக்காவில் எங்கோ சில பிள்ளைகளுக்குத் தாடை வீங்குவதை யாரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், இந்தச் சங்கிலி எங்கே தொடங்கியிருக்கும்?

அடுத்தது, சிகிச்சை முதலில், ஆராய்ச்சி பிறகு என்ற வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. 1990 முதல் 2001 வரையான சென்னைப் பதிவேட்டின்படி விழித்திரைப் புற்று வந்த பிள்ளைகளில் ஐந்தாண்டு பிழைத்திருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர். அந்தக் காலத்திலேயே வசதியான நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்தார்கள். இந்த இடைவெளிக்குப் புது மருந்து இல்லாமை காரணம் இல்லை. தாமதமாக வருகிறார்கள், பாதியில் சிகிச்சையை விட்டுப் போகிறார்கள், ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையில் இரவுப் பயணம் இருக்கிறது, கூலி போகிறது. சரிதான். ஆனால் ஏன் தாமதம், எந்தக் கட்டத்தில் விட்டுப் போகிறார்கள், எதைக் கொடுத்தால் தங்குவார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தானாகத் தெரிந்துவிடுமா? அதைக் கண்டறிவதும் ஆராய்ச்சிதான். ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுச் செய்வது மட்டுமே ஆராய்ச்சி என்று வைத்துக்கொண்டு வாதாடுவதால்தான் இரண்டையும் எதிரெதிராக நிறுத்த முடிகிறது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் போதுமே, அதற்கு என்ன ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஜப்பான் கற்ற பாடத்தைச் சொல்ல வேண்டும். நியூரோபிளாஸ்டோமா வந்த குழந்தையின் சிறுநீரில் சில வேதிப்பொருள்கள் கூடுதலாக இருக்கும். எனவே 1985 முதல் ஜப்பான் முழுவதும் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். நல்ல எண்ணம், எளிய சோதனை, ஏராளமான குழந்தைகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் இதையே ஒப்பீட்டு ஆய்வாக நடத்தி 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோய் கண்டவர்கள் எண்ணிக்கை கூடியதே தவிர, இறந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. காரணம், கைக்குழந்தைகளுக்கு வரும் இந்தக் கட்டிகளில் பல தாமாகவே கரைந்துபோகக்கூடியவை. கரைந்துபோயிருக்கும் கட்டிக்காகக் குழந்தைகளுக்கு அறுவை செய்திருக்கிறார்கள், கீமோ கொடுத்திருக்கிறார்கள். ஜப்பான் 2004இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. ஆய்வு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் ஆரோக்கியமாக வளர்ந்திருக்கக்கூடிய பிள்ளைகளின் உடம்பை நல்லெண்ணத்தோடே இன்றும் கெடுத்துக்கொண்டிருப்பார்கள். விழித்திரைப் புற்றில் சீக்கிரம் பார்ப்பது கண்ணையும் உயிரையும் காக்கிறது. நியூரோபிளாஸ்டோமாவில் அப்படி இல்லை. எது எப்படி என்பதை நல்லெண்ணம் சொல்லாது.

குறைத்துக் கொடுக்கலாம் என்று சொல்வதும் ஆராய்ச்சிதான். வில்ம்ஸ் கட்டிக்காக 1969இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் ஒன்றுகூடித் தொடங்கிய தொடர் ஆய்வுகள், ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கொடுக்கத் தேவையில்லை என்று படிப்படியாக நிறுவின. இன்று அங்கே இந்த நோயில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அவர்களில் பலர் முதுகெலும்பு வளையாமல், இன்னொரு புற்றின் விதை உடம்பில் விழாமல் பிழைக்கிறார்கள். கதிர்வீச்சு இயந்திரத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நம்மைப் போன்ற நாட்டுக்கு, இந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லும் அறிவைவிடச் சிக்கனமானது வேறென்ன?

வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மருந்தை வாங்கலாம், அதை எந்த அளவில், எந்த உடம்புக்கு, எந்தச் சூழலில் கொடுப்பது என்பதை வாங்க முடியாது. குழந்தைகளின் ரத்தப்புற்றில் தீவிரச் சிகிச்சை முடிந்தபின் இரண்டு ஆண்டுகள்போல் தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை கொடுப்பார்கள். சிலருக்கு அந்த மாத்திரை எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். ஐரோப்பியர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதற்கு டிபிஎம்டி என்ற மரபணுவைக் காரணம் காட்டின. பல காலம் அதைத்தான் எல்லோரும் பாடமாகப் படித்தார்கள். 2014, 2015 வாக்கில்தான் நட்15 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் வெளிப்பட்டது. கிழக்காசியர்களிடமும் தெற்காசியர்களிடமும் அது அதிகம்; ஐரோப்பியர்களிடம் மிகவும் குறைவு. ஆசியப் பிள்ளைகளை யாரும் ஆராயாமல் விட்ட காலம் முழுவதும், வெள்ளைக்காரப் பிள்ளையின் உடம்புக்கு வகுத்த அளவையே நம் பிள்ளைகளும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையணுக்கள் சரிந்து காய்ச்சலோடு வந்து படுத்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதற்குப் புத்தகத்தில் விடை இல்லாமல் இருந்தது.

இதற்கு எதிரான நல்ல உதாரணமும் நம்மிடமே உண்டு. 1980களில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மாக்ராத்தோடு சேர்ந்து ரத்தப்புற்றுக்கு எம்சிபி 841 என்ற சிகிச்சை முறையை வகுத்தன. மேலை நாட்டு முறையை அப்படியே இறக்காமல், இங்கே இருக்கும் ரத்த வங்கி, தொற்று, பிள்ளைகளின் சத்துக்குறைவு எல்லாவற்றையும் எண்ணி அமைத்த முறை அது. மூன்று இடத்திலும் ஒரே முறை, ஒரே பதிவு. அதற்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் பிழைத்தவர்கள் எண்ணிக்கை பெரிதாக உயர்ந்தது. அடையாறு நிறுவனத்தின் டாக்டர் சாந்தாவும் அவரோடு இருந்தவர்களும் சிகிச்சை முடியட்டும், ஆராய்ச்சியைப் பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. சிகிச்சையையே ஆராய்ச்சியாகச் செய்தார்கள். 2016இல் தொடங்கிய ஐசிக்கிள் ஆய்வில் இந்த மூன்றோடு சண்டிகரும் கொல்கத்தாவும் சேர்ந்தன. ரத்தப்புற்று, குழந்தைப் புற்றுகளில் கூடுதலாகக் காணப்படுவது. அதற்கே இவ்வளவு விரிவான ஒரு பல்மைய ஆய்வு வர இத்தனை காலம் ஆனது. கல்லீரல் கட்டிக்கும் எலும்புக் கட்டிக்கும் எப்போது வரும்?

மருந்து நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அனாபிளாஸ்டிக் லிம்ஃபோமா என்பது பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருகிற அரிய நெறிக்கட்டிப் புற்று. அதை உண்டாக்கும் ஆல்க் என்ற மரபணு 1994இல் அந்தக் கட்டியிலிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயரிலேயே அந்த நோயின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் பெரியவர்களின் நுரையீரல் புற்றில் ஒரு சிறு பகுதியிலும் இதே கோளாறு தெரிந்தது. அதை அடக்கும் கிரிஸோடினிப் மருந்து 2011இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுக்கு அனுமதி பெற்றது. மரபணுவைக் காட்டிக்கொடுத்த நோயில், பிள்ளைகளுக்கு அதே மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2021இல். பத்து ஆண்டுகள். சந்தை பெரிதாக இருந்த பக்கம் மருந்து போயிற்று, அவ்வளவுதான் விளக்கம். பெரியவர்களுக்காகச் செய்யும் மருந்து பிள்ளைகளின் புற்றுக்கும் பொருந்தக்கூடியதாக இருந்தால் பிள்ளைகளிடமும் சோதித்தே தீர வேண்டும் என்று அமெரிக்காவில் 2017இல் சட்டம் போட வேண்டி வந்தது. 2020இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. உலகின் மிகப் பெரிய மருந்துச் சந்தையிலேயே சட்டத்தின் கட்டாயம் இல்லாமல் நடக்காத ஒன்று, தானாக நடந்து நம் கதவைத் தட்டும் என்று காத்திருப்பது பொறுப்பான கொள்கை ஆகாது.

விலை மலிவான ஒரு பொருளின் கதையையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நமக்கு மிக நெருக்கமானது. கல்லீரல் கட்டிக்குச் சிஸ்பிளாட்டின் கொடுத்தால் பிள்ளை பிழைக்கும். பலருக்குக் காது போய்விடும். பேசக் கற்கும் வயதில் காது போவது என்றால் பேச்சும் பள்ளியும் சேர்ந்து போகிறது. சோடியம் தயோசல்ஃபேட், அந்தக் காலப் புகைப்படக் கூடங்களில் ஹைப்போ என்று வைத்திருப்பார்களே, அந்த உப்பைச் சிஸ்பிளாட்டின் ஏற்றி ஆறு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் காது பிழைக்குமா என்று பார்த்தார்கள். 12 நாடுகள், 52 மருத்துவமனைகள், பல ஆண்டுகள் சேர்ந்து தேடிச் சேர்க்க முடிந்தவர்கள் 109 பிள்ளைகள். 2018இல் முடிவு வந்தது: உப்புக் கொடுக்காதவர்களில் 63 சதவீதத்துக்குக் கேட்கும் திறன் குறைந்தது, கொடுத்தவர்களில் 33 சதவீதத்துக்குத்தான். அமெரிக்காவில் 2022இல் அதற்கு அனுமதி பெற்ற வடிவம் நம் குடும்பங்கள் நினைத்தும் பார்க்க முடியாத விலையில் விற்கிறது. அதே உப்பை இங்கே நம் விலையில், பிள்ளைகளுக்கு ஏற்ற தூய்மையோடு தயாரித்து, பாதுகாப்பானது என்று சோதித்துச் சொல்ல வேறு யாருக்கும் அக்கறை இருக்காது. நாம்தான் செய்ய வேண்டும்.

பிள்ளைகளைச் சோதனை எலியாக்குவதா என்ற கோபத்தை நான் மதிக்கிறேன். அது வெறும் அச்சத்தில் பிறந்தது இல்லை. 2009, 2010இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பாப்பிலோமா தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே பிள்ளைகளுக்காகக் கையெழுத்திட்டது தெரியவந்து, 2010இல் அது நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஏழைக் குடும்பத்தின் அறியாமையின் மேல் கட்டப்படும் எந்த ஆராய்ச்சியையும் எதிர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் ஆய்வே நடக்காத இடத்தில் பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது பெரிய பிழை. பெரியவர்களிடம் சோதித்த மருந்தை எடைக்கணக்கில் குறைத்துப் பிள்ளைக்கு ஏற்றினால் அதுவும் ஒரு சோதனைதான். நெறிமுறைக் குழு பார்க்காத, யாரும் எழுதிவைக்காத, அடுத்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் மிஞ்சாத சோதனை. முறையான ஆய்வில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அதற்குப் புரியும் மொழியில் சொல்லி அதன் சம்மதத்தையும் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை சொல்கிறது. தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தர 2019இன் மருத்துவ ஆய்வு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. இவை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் போராடலாம். ஆய்வே வேண்டாம் என்பது பிள்ளையைக் காக்காது.

கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி என்ற கட்டி சாட்சி. நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் 1962 ஜனவரியில் அந்தக் கட்டியால் இறந்தாள், வயது இரண்டு. பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த நோய் வந்த பிள்ளை ஓராண்டு தாண்டுவது கடினமாகவே இருந்தது. தண்டுப்பகுதியைத் தொட்டால் ஆபத்து, தொட்டுத்தான் என்ன ஆகப்போகிறது என்று திசுவை எடுக்காமலேயே விட்டார்கள். திசு இல்லாததால் அறிவு வளரவில்லை, அறிவு இல்லாததால் சிகிச்சை வளரவில்லை. பாரிஸில் சில அறுவை மருத்துவர்கள் துணிந்து பயாப்ஸி செய்யத் தொடங்கினார்கள். பிள்ளையை இழந்த பெற்றோர் பலர், அந்தத் துயரத்துக்கு நடுவிலும், கட்டியின் திசுவைத் தானமாகக் கொடுத்தார்கள். 2012இல் அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் எச்3 என்ற ஹிஸ்டோன் புரதத்தின் ஒரே இடத்தில் பிழை இருப்பது வெளிப்பட்டது. 2025 ஆகஸ்டில் அந்தப் பிழை உள்ள மூளைக் கட்டிகளுக்கென்று முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது குணமாக்கிவிடும் மருந்து இல்லை. சிலருக்குக் கட்டி சுருங்குகிறது. ஐம்பது ஆண்டு ஒன்றும் நகராத நோயில், அந்தப் பிழை தெரியவந்தபின் பதின்மூன்று ஆண்டில் இவ்வளவு நகர்ந்திருக்கிறது.

நம் மாநிலத்துக்கு இதில் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லாத ஒரு தொடக்கம் இருக்கிறது. சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. சங்கர நேத்ராலயாவும் மதுரை அரவிந்தும் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து வருகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை கிடைக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு பணம் கொடுக்கும்போது, எந்தக் கட்டி, எந்த நிலையில் வந்தது, எந்த முறையில் சிகிச்சை, பாதியில் விட்டுப்போனதா, ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறது என்ற ஐந்து கேள்விக்கு விடை எழுதிவைப்பது கட்டாயமாக வேண்டும். பெற்றோர் சம்மதித்தால் கட்டியின் ஒரு துண்டைப் பொதுவான ஒரு திசு வங்கியில் சேர்த்துவைக்க வேண்டும். மதுரையில் மூன்று பிள்ளைகள், கோவையில் இரண்டு, வேலூரில் நான்கு என்று சிதறிக் கிடக்கும் அனுபவம் அப்போதுதான் ஒரே இடத்தில் சேரும்.

சட்டமன்றத்தில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது உங்கள் தொகுதி உறுப்பினரிடம் ஒரு கேள்வியை எழுப்பச் சொல்லுங்கள்: அரசுப் பணத்தில் சிகிச்சை பெற்ற புற்றுநோய்ப் பிள்ளைகளில் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர், நோய்வாரியாக? பதில் கிடைக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் கேட்கச் சொல்லுங்கள்.